கெட்டித்தது கெட்டித்தபடி

ஈழத்துத் தமிழில் 'இடியன்' என்றொரு சொல் உண்டு. வன்னிப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் வயல் காவலுக்கும் வேட்டைக்கும் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தப் பெயர். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் நாரோ காகிதமோ அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடியும் அடைத்து, நீளமான கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இடிப்பதால் இடியன். மலாயில் இதே துப்பாக்கிக்குச் 'செனாப்பாங் லந்தாக்' என்று பெயர். லந்தாக் என்றாலும் இடித்து இறக்குவதுதான். கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே செயலைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. என் பாட்டிக்கு இந்தச் சொல்லாராய்ச்சி எல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வினைச்சொல். கெட்டிக்கிறது. "எங்கப்பா கெட்டிச்சது கெட்டிச்சபடியே இருந்துச்சு" என்பார்.

அந்த ஒரு வரிக்குப் பொருள் விளங்க எனக்கு இருபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது.

இன்றைய வேட்டைத் துப்பாக்கியை நடுவில் மடித்தால் தோட்டா வெளியே வந்துவிடும். வேட்டைக்குப் போனோம், பன்றி வரவில்லை, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம் என்று முடிந்துவிடும். வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் அது நடக்காது. உள்ளே போனது உள்ளேதான். அதை வெளியே எடுக்க இரண்டே வழி. ஒன்று, எங்காவது மண்ணைப் பார்த்துச் சுட்டுத் தீர்ப்பது. இன்னொன்று, கம்பியின் முனையில் திருகாணி போன்ற ஒன்றை மாட்டி, குழலுக்குள் விட்டு, அடைத்ததைத் திருகித் திருகி வெளியே இழுப்பது. முதலாவதில் மருந்து வீண், சத்தமும் ஊரைக் கூட்டும். இரண்டாவதில் ஆளின் கையும் முகமும் குழல் வாய்க்கு நேராக இருக்கும். ஆகவே வெறுங்கையோடு திரும்பிய வேட்டைக்காரர் பெரும்பாலும் மூன்றாவது ஒன்றைச் செய்வார். குதிரைக்கு அடியில் இருக்கும் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடுவார். அடுத்த வாரம் போகும்போது புதுக் கேப்பு ஒன்றை வைத்தால் போதும். கேப்பு இல்லாத துப்பாக்கி தூங்குகிற துப்பாக்கி என்பது அவர்கள் கணக்கு.

என் தாத்தாவுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வரும். புலி கடித்தது என்பார். ஜப்பான்காரன் வெட்டினான் என்பார். பாராங் கத்தி பட்டது என்று சில நாள் சொல்வார். அந்த மூன்று விரலோடுதான் பல வருடம் பால்மரம் வெட்டினார். உளியை இரண்டு கையாலும் பிடித்துப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டிய வேலை அது. பட்டை ஆழமாக வெட்டுப்பட்டால் மரம் கெடும், கிராணியிடம் ஏச்சு விழும். தாத்தாவின் வெட்டு தோட்டத்திலேயே நல்ல வெட்டு என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டமுமாக மாறிவிட்டது. 1978-இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போ, புந்தோங்குக்கு வந்து ஒரு பலகை வீட்டில் குடியேறினார்கள். புந்தோங்கைப் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டயபுரத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கி வைத்த கச்சாங் பூத்தே தொழில், தைப்பூசத்துக்குக் கல்லுமலை நோக்கிக் கிளம்பும் காவடிகள், நெருக்கமான வீடுகள், மாலையில் கடலை வறுக்கும் வாசனை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்டு "புந்தோங்" என்று பதில் வந்ததும் சிலர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்திலேயே எனக்கு அது கிடைத்துவிட்டது. குண்டர் கும்பல் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பிறகு கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து வைத்ததும் எல்லாரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்பது வேறு கதை.

எங்கள் பலகை வீட்டின் அடுப்படிக்கு மேலே ஒரு பரண் இருந்தது. பழைய அண்டா, பித்தளைக் குடம், தாத்தா தோட்டத்திலிருந்து கொண்டு வந்த பால் வாளி இரண்டு, இப்படிப் பல சாமான்கள். பிள்ளைகள் யாரும் அதில் ஏறக் கூடாது. "மேல முனியாண்டி இருக்காரு" என்று பாட்டி சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அடுப்படியில் ஒரு சின்ன அகல் விளக்கு ஏற்றி, பரணைப் பார்த்துத் திருநீறு போடுவார். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர் இருந்த மாதிரி வீட்டுப் பரணிலும் ஒருவர் இருப்பதாக நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். என் அண்ணன் ஒருமுறை பந்து எடுக்க ஏணி போட்டதற்கு விழுந்த அடியை இன்றும் மறக்கவில்லை. அதுவரை பாட்டி எங்களை அடித்ததே கிடையாது.

தாத்தா 2009-இல் காலமானார். 2014-இல் பலகை வீட்டை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டுவது என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். அரையாண்டு விடுமுறையில் நான் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தேன். பரணைக் காலி செய்தது சித்தப்பாதான். அண்டாவுக்குப் பின்னால், கூரைச் சட்டத்தை ஒட்டி, சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய நீளமான ஒரு பொருள். பாட்டி அப்போது வெளித் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பிரிக்கும் சத்தம் கேட்டதுமே, "அதத் தொடாத, அது கெட்டிச்சிருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சித்தப்பா பட்டறையில் வேலை செய்பவர், இரும்பு பழகிய கை. அவர் பதறவில்லை. துப்பாக்கியை மேசையில் கிடத்தி, குழல் வாயை ஆளில்லாத பக்கம், பின்கட்டு மண்மேட்டைப் பார்க்கத் திருப்பினார். குதிரை படுத்திருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கேப்பு இல்லை. பிறகு மெல்லிய பிரம்பு ஒன்றை எடுத்து, ஓரமாக நின்றபடி குழலுக்குள் மெதுவாக விட்டார். பிரம்பு நின்ற இடத்தில் குழல் வாயை ஒட்டி நகத்தால் ஒரு கீறு போட்டுக்கொண்டார். வெளியே எடுத்து அதே பிரம்பைக் குழலின் மேல் வெளிப்புறமாக வைத்துப் பார்த்தார். வெறும் குழலாக இருந்தால் பிரம்பின் நுனி, கேப்பு உட்காரும் இடம் வரை போய்ச் சேர வேண்டும். நான்கு விரற்கடை குறைந்தது.

நான்கு விரற்கடைக்குள் மருந்தும் நாரும் ரவையும் இருக்க இடம் தாராளம். அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். விறகடுப்பு இருந்த காலத்திலிருந்து அதன் கீழேதான் சமைத்தோம் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நான் பிறந்த பிறகு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அப்பாவும் அத்தையும் விறகுப் புகையில் வளர்ந்தவர்கள். புகை ஏறி ஏறித்தான் அந்தச் சாக்கு கறுத்திருந்தது. உள்ளே ஈரம் ஏறாமல் காத்ததும் அந்தப் புகைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கருமருந்து பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. பல நூறு ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லாத கலவை. பால் போலப் புளிப்பதோ சோறு போல ஊசிப்போவதோ அதற்குக் கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் அப்படியே இருக்கும். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் பல பத்தாண்டுகள் காட்சிக்கு இருந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கி ஒன்றை, 2013 ஜனவரியில் துரு நீக்கச் சுத்தம் செய்தார்கள். உள்ளே குண்டும் அடைப்பும் 800 கிராமுக்கு மேல் கருமருந்தும் இருந்தன. வெடிகுண்டுப் பிரிவை அழைத்து எடுத்தார்கள். எத்தனை பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்களோ. 2008-இல் அதே நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பழைய குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். அந்தப் போர் முடிந்தது 1865-இல்.

அதே போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் 1863-இல் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகளின் கணக்கும் வியப்பானது. 27,000-க்கும் மேற்பட்டவற்றில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடி கிடந்தன. அவற்றில் பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை மருந்து. ஒரே ஒரு துப்பாக்கியில் இருபத்துமூன்று. ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து மறுபடி கெட்டிப்பதுதான் இந்த வகைத் துப்பாக்கியின் பெரிய ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த குழலும் வெறுங்குழலும் ஒன்று போலவே இருக்கும். பழைய வேட்டைக்காரர்கள் இடிக்கும் கம்பியில் கோடு கீறி வைத்துக்கொள்வது அதற்காகத்தான். சித்தப்பா பிரம்பில் நகத்தால் செய்ததும் அதுவே. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் சமையல் இல்லை. ரொட்டிச் சானாய் வாங்கி வந்து சாப்பிட்டோம். பேச்சு முழுவதும் இதை என்ன செய்வது என்பதுதான். மாமா ஒருவர் ஈயக்குட்டையில் போட்டுவிடலாம் என்றார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக்குட்டைக்கா பஞ்சம்? இராத்திரி பத்து மணிக்குக் காரில் வைத்துக் கொண்டு போனால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். அப்பா சட்டத்தைச் சொன்னார். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் (அதிகரிக்கப்பட்ட தண்டனைகள்) சட்டத்தில் வழக்குப் போட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. வழியில் சாலைத் தடுப்பில் மாட்டினால் 'தாத்தா வைத்திருந்தது' என்பதை யார் நம்புவார்கள்? அதிலும் புந்தோங் முகவரி போட்ட அடையாள அட்டையோடு. நாளைக்குப் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும் என்பதை நான் மனத்துக்குள் எழுதியே பார்த்துவிட்டேன். என் படிப்பும் அண்ணனின் அரசாங்க வேலை விண்ணப்பமும் அந்தத் தலைப்புக்குக் கீழே கிடந்தன.

"குட்டையில போட்டா, தண்ணி வத்தின காலத்துல எவன் பிள்ளையோ எடுப்பான்" என்று பாட்டி சொன்னார். பேச்சு அங்கே முடிந்தது.

மறுநாள் காலை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு அப்பாவும் சித்தப்பாவும் போலீசில் புகார் கொடுக்கப் போனார்கள். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. அது மேசையிலேயே கிடந்தது. வந்தவர்கள் எங்களையெல்லாம் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு அரை நாள் வீட்டுக்குள் இருந்தார்கள். பக்கத்து வீடுகளையும் காலி செய்யச் சொன்னதால், எங்கள் பரண் முனியாண்டியின் புகழ் பத்து நிமிடத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிற்பகல் பாட்டியிடம் வாக்குமூலம் எடுக்க மலாய்க்கார சார்ஜன் ஒருவர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். ஏன் இத்தனை வருடமாக இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். பாட்டி தோட்டத்து மலாயில் பதில் சொன்னார். "செனாப்பாங் ஈத்து தீடோர், என்சிக். ஜாங்ஙான் காச்சாவ்." அந்தத் துப்பாக்கி தூங்குகிறது, தொந்தரவு செய்யாதே. சார்ஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அந்த வாக்குமூலத்தில்தான் தாத்தாவின் இரண்டு விரல்களின் கதை வெளியே வந்தது. அப்பாவுக்குக்கூட அதுவரை தெரியாது. பாட்டி தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொல்ல, நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

துப்பாக்கி பாட்டியின் அப்பாவுடையது. தாத்தாவுக்கு அவர் தாய்மாமன். போருக்கு முன்பே அவர் கைக்கு வந்தது, எப்படி வந்தது என்பதற்கு மூன்று நான்கு கதைகள். கன்றுக் காட்டிலும் மரவள்ளித் தோட்டத்திலும் காட்டுப்பன்றி இறங்கினால் இரவில் போய்க் காத்திருப்பார். அடித்தால் லயத்துக்கு லயம் பங்கு போகும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஓரிரு நாளில் நாடு முழுவதும் அறிவிக்கப்பட்டது. பள்ளிப் பாடநூலில் நாம் அதை ஒரு தேதியாகப் படித்தோம். பாட்டியின் வீட்டுக்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி. அனுமதியில்லாமல் ஆயுதம் தாங்கினால் தூக்கு என்று விதி வந்தது. அது வெறும் மிரட்டல் இல்லை என்பதற்கு மலாயாத் தமிழருக்கு ஒரு பெயரே போதும். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்கள் பலிக்கவில்லை.

அந்தச் செய்திகள் வருவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே, பாட்டியின் அப்பா துப்பாக்கியைப் புதைத்துவிட்டார். அது கெட்டித்தபடி இருந்தது. சுட்டுத் தீர்க்க முடியாது. சுற்றிலும் பட்டாளம் அலைகிற நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் போதும், குடும்பமே லாரியில் ஏறியிருக்கும். எனவே குழல் வாயில் ரப்பர் பாலை ஊற்றி உறைய வைத்தார். கேப்பு உட்காரும் ஓட்டையையும் பாலாலேயே அடைத்தார். எண்ணெய்ச் சாக்கில் சுற்றி, லயத்து அடுப்படித் தரைக்கு அடியில் ஆழமாகப் புதைத்து, மேலே அம்மிக்கல்லைப் போட்டார். பாட்டியின் அம்மா பன்னிரண்டு வருடம் அந்த அம்மியில்தான் மிளகாய் அரைத்தார். இரண்டு வேட்டைக்கு நடுவில் பன்னிரண்டு வருடம்!

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு அம்மியை நகர்த்தினார்கள். துப்பாக்கி மேலே கொஞ்சம் துரு பிடித்திருந்தது, அவ்வளவுதான். ரப்பர் பால் கல்லாக உறைந்து குழலைக் காத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தபின், "பன்னெண்டு வருசத்து மருந்து, செத்திருக்கும்" என்று பாட்டியின் அப்பா தீர்மானித்தார். சந்தேகம் தீர ஒரு கேப்பை வைத்து, லயத்துக்குப் பின்னால் சரிவைப் பார்த்துக் குதிரையைத் தட்டினார். கேப்பு மட்டும் படக்கென்றது. இன்னொரு கேப்பு. அதுவும் அப்படியே. "செத்ததுதான், இழுத்துப் போட்டுடலாம்" என்று சொல்ல, பக்கத்தில் நின்ற தாத்தா திருகாணிக் கம்பியோடு குழல் வாயை இடது கையால் பிடித்தார். எண்ணி மூன்று மூச்சு. வெடித்தது.

இதைத் தாமத வெடிப்பு என்று சொல்லலாம். கேப்பின் நெருப்பு உள்ளே போய்விட்டது. மருந்தில் ஈரம் தட்டிய பகுதி பட்டென்று பிடிக்காமல், ஊதுவத்திபோலப் புகைந்து புகைந்து, காய்ந்த பகுதியைத் தொட்டதும் மொத்தமாக வெடிக்கிறது. குதிரை விழுந்தும் வெடிக்காத துப்பாக்கியை ஒரு நிமிடமாவது மண்ணைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும் என்பது பழகியவர்களின் விதி. தாத்தாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது, துப்பாக்கி பழக்கமில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாராங் பட்டதாகச் சொன்னார்கள். டிரெசர் கையைப் பார்த்தார். வெட்டுக்காயத்தில் கரி இருக்காது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் பேசாமல் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, பதிவேட்டில் பாராங் என்றே எழுதிக்கொண்டார். அவர் யார், எந்த ஊர் என்று பாட்டிக்கு நினைவில்லை. மலையாளி என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்லை வேறு மாதிரி எழுதியிருந்தால் எங்கள் குடும்பம் எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அடுத்த ஆண்டு தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கல்யாணம். முறைப் பெண்தான், பேச்சு முன்பே இருந்தது. ஆனாலும் தோட்டத்தில் வேறு மாதிரிச் சொல்வார்களாம். "ரெண்டு விரலுக்கு ஒரு பொண்ணு." இதைச் சொல்லும்போது பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார்ஜனுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பாட்டியின் அப்பா வேட்டையை விடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் கோபம். மருமகன் மூன்று விரலோடு மரம் வெட்டிக்கொண்டிருக்க, இவர் அதே துப்பாக்கியைத் துடைத்துக் கெட்டித்துக் காட்டுக்குப் போனார். பாட்டியிடம் கேட்டால், "பன்னி வந்துச்சு, போனாரு" என்று முடித்துவிடுவார். 1968-இல், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், இரண்டு இரவு காத்திருந்தும் பன்றி இறங்கவில்லை. கேப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலச் சுவரில் மாட்டினார். இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வேட்டை நடக்கவே இல்லை. துப்பாக்கி மகளுக்கு வந்தது, மருந்தோடும் ரவையோடும்.

அதை இறக்க வேண்டியவர் தாத்தா. கெட்டித்ததை இறக்கப் போய்த்தான் அவர் விரல்களைக் கொடுத்தார். இரண்டாம் முறை அந்தக் குழல் வாயில் கையை வைக்க அவரால் முடியவில்லை. சுட்டுத் தீர்ப்பதற்கும் காலம் ஒத்துவரவில்லை. 1969 கலவரம், பிறகு 1971 சட்டம். புந்தோங்குக்கு வந்த பிறகு சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள். ஏன் வீசவில்லை என்று சார்ஜன் கேட்டதற்குப் பாட்டி இரண்டு காரணம் சொன்னார். வேறொரு பிள்ளை கைக்குப் போகும் என்பது ஒன்று. "எங்கப்பா தொட்டது அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு" என்பது இன்னொன்று.

விடுமுறை முடிந்து திரும்பிய பிறகு நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் கையில் இந்த நாட்டுத் துப்பாக்கி இருந்ததும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் தொழில் அடைபட்டதும், ஊசி மணி பாசி மணி விற்பனைக்குள் அவர்கள் முடங்கியதும் தெரிந்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க இந்திய நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. இலங்கையில் இதே துப்பாக்கியைப் பன்றி வரும் தடத்தில் கட்டி, குதிரையிலிருந்து ஒரு கம்பியைக் குறுக்கே இழுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டுத்துவக்கு என்று பெயர். சட்டவிரோதம்தான், நிற்கவில்லை. பன்றி உயரத்துக்குக் குறிவைப்பதால் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களின் கால் போகிறது. ஆள் இல்லாமல் காத்திருக்கும் கெட்டித்த துப்பாக்கிக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பரணில் இருந்தது குறுக்குக் கம்பி இல்லாத கட்டுத்துவக்கு. பந்தைத் தேடி ஏறிய அண்ணனின் கை அந்தச் சாக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று இன்றும் அவனைக் கேட்பேன். "ஒரு முழம்" என்பான். பிறகு பேச்சை மாற்றுவான்.

வழக்கு எதுவும் வரவில்லை. தாத்தா இல்லை, தானாக முன்வந்து சொன்ன குடும்பம், எழுபது வயதுப் பாட்டியின் வாக்குமூலம். இவையெல்லாம் சேர்ந்து கோப்பு மூடப்பட்டதாக வழக்கறிஞர் சில மாதம் கழித்துத் தெரிவித்தார். அந்தச் சில மாதங்களில் வீட்டு வாசலில் வண்டி நின்றால் அம்மா முதலில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். கல்வீடு எழும்பியது. அதில் பரண் இல்லை. பாட்டி வெள்ளிக்கிழமை விளக்கை எங்கே வைப்பது என்று இரண்டு வாரம் தடுமாறி, கடைசியில் சமையலறைச் சன்னல் ஓரத்தில் வைத்தார்.

சார்ஜனை சித்தப்பா ஒருமுறை சந்தையில் பார்த்திருக்கிறார். உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டாராம். மருந்து காய்ந்த நிலையில் அப்படியே இருந்தது, ரவையும் இருந்தது, சுட்டிருந்தால் சுட்டிருக்கும் என்று அவர் பதில் சொன்னாராம். ரவை கொட்டாமல் இருக்க மேலே காகிதத்தைக் கசக்கி அடைத்திருந்தார்களாம். விரித்துப் பார்த்தால் தமிழ் எழுத்து, பழைய பத்திரிகைத் துண்டு.

பாட்டியிடம் சொன்னோம். "தமிழ் நேசனாத்தான் இருக்கும்" என்றார் உடனே. "எங்க லயத்துக்கு அதுதான் வரும். எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உங்க தாத்தாதான் சாயங்காலம் உக்காந்து சத்தமாப் படிச்சுக் காட்டுவாரு. படிச்சு முடிச்சதும் காகிதத்த மாமன் வாங்கி மடிச்சு வச்சுக்குவாரு."